வரம் வேண்டாத வீரன்

2010 ஏப்ரலில் வெளிவந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' சுமார் 12.5 கோடி டாலர் செலவில் தயாராகி, 49 கோடி டாலர் வரை வசூலித்தது. இரண்டே ஆண்டில் அடுத்த பாகமும் வந்தது. வியாபாரத்தில் அது தோற்கவில்லை. ஆனால் 1981இல் இதே பெயரில் வந்த படத்தைத் திரும்ப எடுத்தவர்களுக்கு அந்தக் கதை பிடித்திருந்ததா என்பதே சந்தேகம்.

இரண்டு படங்களும் சொல்லும் கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் கதை முழுக்க இரவலின் கதை. பாம்புக் கூந்தல் அரக்கி மெதூசாவின் தலையைக் கொய்யப் புறப்படுகிறவனிடம் சொந்தமாக ஒன்றும் கிடையாது. பறக்கும் செருப்பு, உருமறைக்கும் தொப்பி, அரிவாள், வெட்டிய தலையைப் போட்டுக்கொள்ள ஒரு பை என எல்லாமே தெய்வங்களும் தேவதைகளும் தந்தவை. லூயி லெத்தெரியே இயக்கிய புதிய படத்தின் பெர்சியஸோ தெய்வம் தந்த வாளைத் தொட மறுக்கிறான். மனிதனாகவே வெல்வேன் என்று உறுமுகிறான். வளர்த்த குடும்பத்தைப் பாதாளக் கடவுள் ஹேடீஸ் கொன்ற கோபம் அவனுக்கு. வரத்தை மறுக்கும் வீரன் என்பது நல்ல கருதான். கடைசிவரை அதில் நின்றிருந்தால் இது வேறு படமாகியிருக்கும். ஆனால் நெருக்கடி வந்ததும் அதே வாள் கைக்கு வருகிறது. முடிவில், செத்துப்போன காதலி அயோவைக் கடவுள்களின் அரசன் ஸியூஸே உயிர்ப்பித்து அனுப்புகிறார். வீரன் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறான். பக்தியும் இல்லை, நாத்திகமும் இல்லை.

இந்த அயோ யார்? கிரேக்க வம்சாவளிப்படி பெர்சியஸுக்குப் பல தலைமுறை மூத்த பாட்டி! அவளைக் காதலியாக்கிவிட்டு, புராணத்தில் அவன் மணந்த ஆண்ட்ரோமெடாவை ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

பழைய படமும் அப்பழுக்கற்ற புராணம் அல்ல. அதில் வரும் கிராக்கன் நார்வே கடற்கதைகளின் பூதம்; கிரேக்கத்துக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. நாயகன் ஹாரி ஹாம்லினின் முகத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனால் ரே ஹாரிஹவுசன் இருந்தார். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு ஃபிரேம், மறுபடி நகர்த்தி இன்னொரு ஃபிரேம் என்று பூதங்களுக்கு உயிர் கொடுத்தவர் அவர். அவருடைய கடைசி முழுநீளப் படமும் அதுவே. அதன் மெதூசா காட்சியில் இருட்டும் தீப்பந்தமும் வாலின் கிலுகிலுப்பும்தான் முதலில். பிறகுதான் அவள் கைகளை ஊன்றி உடலை இழுத்துக்கொண்டு வருகிறாள். புதிய மெதூசா கணினியில் பிறந்தவள். எரிமலைக் குழம்புக்கு மேல் பாய்கிறாள், சிரிக்கிறாள், நாம் பயப்படுவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. கணினி மீது எமக்குப் பகையில்லை. பார்ப்பவனைக் காத்திருக்கவிடத் துணியாத படத்துக்கு எந்தக் கருவியும் உதவாது.

முப்பரிமாணக் கூத்தையும் சொல்ல வேண்டும். படம் பிடித்தது வழக்கமான கேமராவில். 2009 டிசம்பரில் 'அவதார்' அள்ளிய பணத்தைக் கண்டதும் (இதில் பெர்சியஸாக நடித்த சாம் வொர்திங்டன்தான் அதிலும் நாயகன்) எடுத்த படத்தை முப்பரிமாணமாக மாற்றிவிடத் தீர்மானித்தது பட நிறுவனமான வார்னர் பிரதர்ஸ். மும்பையில் தொடங்கிய பிரைம் ஃபோகஸ் நிறுவனத்திடம் வேலை போனது. கிடைத்த அவகாசம் சில வாரங்கள். வெளியீட்டு நாளைத் தள்ளியதும் ஒரே ஒரு வாரம். அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல மனிதர்கள் தெரிந்ததற்கு, இரவும் பகலும் திரைமுன் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களைப் பழிப்பது நியாயமில்லை. இயக்குநரே பின்னாளில் அந்த மாற்றத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

பழைய படத்தில் பெர்சியஸோடு அலைந்த இயந்திர ஆந்தை பூபோ இதிலும் ஒரு நொடி வருகிறது. பெர்சியஸ் அதை ஆயுதக் குவியலிலிருந்து எடுத்து இது என்ன என்று கேட்கிறான். விட்டுத் தள்ளு என்று பதில் வருகிறது. ரசிகர்களுக்கான குறும்பு என்பார்கள். கதையைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் ஏளனம் என்றே எமக்குப் படுகிறது.

இரண்டில் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால் 1981 படத்தைப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் உடன் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.