உண்ணி மருந்து மாட்டுக்கு மட்டும் போதுமா?

மருந்து அடித்த மூன்றாம் வாரமே மடியிலும் வாலடியிலும் மறுபடி உண்ணி ஏறிவிட்டால், மாடு வளர்ப்பவர் நேரே கடைக்குத்தான் போவார். “போன தடவை குடுத்தது கேக்கல, வேற கம்பெனி குடுங்க” என்பார். கடைக்காரரும் டெல்டாமெத்ரினுக்குப் பதிலாக சைபர்மெத்ரினை எடுத்து நீட்டுவார். பாட்டில்தான் வேறு, இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து. ஒன்றுக்குச் சாகாத உண்ணி பெரும்பாலும் மற்றதற்கும் சாகாது.

மருந்தைக் குத்துமதிப்பாக மூடியில் அளந்து, பக்கெட் தண்ணீரில் கலக்கி, துணியால் துடைத்துவிடுவதும் உண்டு. அளவு குறைந்த மருந்தில் நோஞ்சான் உண்ணி சாகும். தாங்கிய உண்ணி முட்டையிடும். இந்த மருந்துகளுக்கு அசராத உண்ணிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையே மாட்டுக்கும் அடிப்பவர்களை என்ன சொல்வது? அது மாட்டுக்கும் ஆபத்து, பால் குடிப்பவருக்கும் ஆபத்து.

நம் மாடுகளில் பரவலாகக் காணும் ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் உண்ணி, குஞ்சாக ஏறி, அதே மாட்டிலேயே வளர்ந்து, சுமார் 3 வாரத்தில் ஆமணக்கு விதைபோல உப்பிக் கீழே விழும். சுவர் வெடிப்பிலோ தீவனத் தொட்டிக்கு அடியிலோ புகுந்து 2,000-க்கும் மேல் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் கண்ணில் படுவது சிறு பங்கு; மிச்சமெல்லாம் கொட்டகையிலும் புல்லிலும்தான். அதனால் மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு சிமென்டுக்கும் சுண்ணாம்புக்கும் போகட்டும் என்பேன். வெடிப்பை அடைத்துப் பூசிய சுவரில் உண்ணிக்கு முட்டையிட இடமில்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவத்தில், பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து வடிகட்டித் தெளிக்கச் சொல்கிறார்கள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இதைப் பரப்பிவருகிறது. ஒரே நாளில் உண்ணி உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாரம் ஒருமுறை, வெயில் நேரத்தில், மாட்டின் மீதும் கொட்டகை வெடிப்புகளிலும் தெளித்துக்கொண்டே இருந்தால்தான் பலன்.

தடுப்பூசியும் புதிதல்ல. உண்ணியின் குடல் புரதத்தைக் கொண்டு கியூபாவும் ஆஸ்திரேலியாவும் 1990-களிலேயே தடுப்பூசி கொண்டுவந்தன. ஓர் ஊர் உண்ணியிடம் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கவில்லை. அர்ஜென்டினா உண்ணி அதற்கு மசியவில்லை. நமக்கு நம் உண்ணிக்கேற்ற ஊசிதான் வேண்டும். அது வரும்வரை, கலப்பின இனவிருத்தியில் பால் அளவை மட்டும் பார்க்காமல் உண்ணி தாங்கும் தன்மையையும் பார்க்கலாம். ஆஸ்திரேலியர்கள் அதற்காகவே திமில் மாட்டின் ரத்தத்தைத் தங்கள் மந்தைகளில் கலந்தார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உப்பிய உண்ணிகளைப் பிடித்து, லேபிளில் சொன்ன அளவில் கரைத்த மருந்தில் சில நிமிடம் முக்கி எடுத்து, மூடிவைத்து, ஒரு வாரம் கழித்து முட்டையிட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பக்கத்திலேயே வெறும் தண்ணீரில் முக்கியவற்றையும் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. கால்நடை மருந்தக மேஜையே போதும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்து, அங்கே எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதை மருந்தகப் பலகையில் எழுதிவைத்த பிறகே கால்நடைத் துறை அந்தப் பகுதிக்கு உண்ணி மருந்து வாங்க வேண்டும்.

கட்டுரையாளர்: கால்நடை மருத்துவர்