எலிப் பாஷாணமும் இதயமும்

விவசாயிகள் எலிப் பாஷாணத்தை "எலி மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டனர். மருந்து என்றதும் பயம் போய்விடுகிறது. நெல் மூட்டைக்குப் பக்கத்திலும், பரண் மேலும் தாராளமாக வைக்கிறோம்.

2024 நவம்பரில், தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில், ஒரு வீட்டில் எலிக்காக வைத்த நஞ்சு அறையைச் சாத்திக்கொண்டு உறங்கிய குடும்பத்தையே தாக்கிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தின்றால்தான் நஞ்சு என்று நினைப்பவர்கள் இதை மறக்கலாகாது.

வயல் எலிக்கு வைக்கும் கறுப்புத் தூள் ஜிங்க் பாஸ்பைடு. கிடங்குக்கான மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. இதைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். மாத்திரையில் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். தூள் வயிற்றுக்குள் போனால் அங்குள்ள அமிலத்தில் அதே வாயு உண்டாகும். இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடலின் அணுக்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. ஒரு நொடியும் ஓயாத உறுப்பு இதயம். ஆகவே அதற்கு அடி பலம். இரத்த அழுத்தம் சரியும், நாடி தாறுமாறாகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழக அரசு தடை செய்துவிட்டது. ஆனால் பழைய டியூப் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். இது வஞ்சகமான நஞ்சு. முதல் நாள் வாந்தி. பிறகு ஓரிரு நாள் ஒன்றுமில்லாதது போல் இருக்கும். "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். அதன் பிறகுதான் கல்லீரல் கெடும்; இதயமும் தளரலாம்.

புரோமடியலோன் கட்டி வேறு வகை. இரத்தம் உறையாமல் செய்யும். அதற்கு வைட்டமின் கே1 உண்டு. எனவே விபத்து நேர்ந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து நேரத்தைப் போக்காமல், 108-ஐ அழையுங்கள்; பாக்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள். எந்த நஞ்சு என்பது டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டும்.

என் கருத்து இது: வீட்டுக்குள் பாஸ்பைடு எந்த வடிவிலும் வேண்டாம். அங்கே எலிப்பொறி போதும். வயலில் வரப்பைச் சிறிதாக்கி, புல்லைச் செதுக்கி, மூங்கில் கிட்டி வையுங்கள். ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் வளையில் புகை போட்டு எலியைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். கூலி, ஒரு பாக்கெட் விலையைவிடக் கூடத்தான் ஆகும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் பங்கு குறையும். துரத்திய எலி அடுத்த வயலுக்கு ஓடவும் இடமிருக்காது.