மலைக்குப் போனோம், மலையகத்துக்குப் போகவில்லை

என் பெறாமகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவன். அண்மையில் ஒரு நாட்காலை என் கைத்தொலைபேசிக்கு நாற்பதுக்குக் குறையாத படங்களை அனுப்பியிருந்தான். சக மாணவர் பதினொரு பேருடன் வான் பிடித்துச் சிவனொளிபாத மலைக்குப் போய்வந்திருக்கிறான். முகில், பனிமூட்டம், சூரியோதயம், குளிரில் விறைத்த முகங்கள், மீண்டும் முகில். கீழே ஒரு வரி: "பெரியப்பா, வாழ்க்கையிலை முதல் மலை. நீங்கள் எப்ப ஏறினீங்கள்?"

அதற்கான பதில் கைத்தொலைபேசியில் தட்டி அனுப்பக்கூடியதன்று. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான் என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்தவனுக்கு மலை என்பது என்ன என்பதை வெளியூர் வாசகர்களுக்கு முதலிற் சொல்லவேண்டும். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் விரித்த பாய். ஆறு கிடையாது, மலை கிடையாது. மலை என்ற சொல்லோடு எங்களிடமுள்ள புகழ்பெற்ற ஊர் கீரிமலை. அங்கும் நகுலேஸ்வரர் கோயிலும் கடலோரக் கேணியும் உண்டே தவிர மலையைத் தேடிப் பயனில்லை. அண்ணாந்து பார்க்கக் கோயிற் கோபுரம், அதற்கடுத்தாற்போலப் பனை. இதற்குள் வளர்ந்த பிள்ளைக்கு 7,359 அடி என்பது எண்ணாக மட்டுமே விளங்கும்.

நான் ஏறியது 1979 ஜனவரி இறுதியில். 1974இல் வளாகமாகத் தொடங்கிய எங்கள் பல்கலைக்கழகம் அந்த மாதம் முதலாந் திகதிதான் தனிப் பல்கலைக்கழகமாகியிருந்தது. ஏழு பேர் போனோம். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு சுவெற்றர். வேலணை நண்பனின் தமையன் இலண்டனிலிருந்து கொண்டுவந்தது. அதை முறை வைத்துப் போடுவதென்று யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. மற்றவர்களுக்குச் சால்வை. பையில் பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் பனங்கட்டியும் இருந்தன. பொரிவிளாங்காய் குளிரில் இன்னும் இறுகிவிடும் என்பதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

காலை யாழ்தேவியில் ஏறிப் பொல்காவலையில் இறங்கினோம். அங்கிருந்து இரவு பதுளை மெயில். விடிவதற்கு முன் ஹற்றன். பிறகு மஸ்கெலியா பஸ், அதன் பிறகு நல்லதண்ணி. பஸ்ஸில் ஏழு பேரும் நித்திரை. அந்த நித்திரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். முதல் ஆயிரம் பகிடியோடு போயிற்று. அடுத்த ஆயிரத்தில் பகிடி குறைந்தது. அதன் பின்னர் கதையே இல்லை. சீத கங்குலவில் முகம் கழுவியபோது பல் கிட்டியது. இருட்டில் முன்னும் பின்னும் சிங்கள யாத்திரிகர்கள், வெள்ளைத் துணி கட்டிய முதிய பெண்கள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒருவருக்கொருவர் 'கருணாவை' என்று வாழ்த்திக்கொள்வார்கள். முதன்முறை ஏறுகிறவனுக்கு அவர்களிடம் 'கோடுகாரயா' என்று பெயர். எங்கள் நடையைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்திகட்டுபானவில் ஊசியும் நூலுமாக நின்ற ஒரு பாட்டி, நூற்பந்தின் ஒரு முனையை எங்களிற் கரவெட்டிக்காரனின் கையில் தந்து, அதைப் படி வழியே இழுத்துச் செல்லும்படி சைகை காட்டினார். 1977 ஆகஸ்ட் கலவரம் நடந்து ஒன்றரை வருடமே கழிந்திருந்தது. அந்த நூலை அவன் அறாமல் கொண்டுபோனான். இதையும் பதிவு செய்யவேண்டும் என்பதாற் சொல்கிறேன்.

உச்சியில் விடிந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. பெறாமகனின் படங்கள் அதை என்னைவிட நன்றாகச் சொல்கின்றன. ஒன்று மட்டும்: கிழக்கே சூரியன் எழும்போது எல்லாரும் கிழக்கே பார்க்க, மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக முகில்களின் மேல் விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கும். அங்கே ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறினாயோ அத்தனை முறை அடிக்கவேண்டும். நாங்கள் ஏழு பேரும் ஆளுக்கு ஒன்று அடித்தோம்.

இறங்கும் வழியில் ஒரு பிளேன்ரீக் கடையில் இளைப்பாறினோம். பக்கத்தில் ஒருவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் குந்தியிருந்தார். வயது நாற்பது இருக்கலாம். கால்களிற் செருப்பில்லை. மலைமேற் கடைகளுக்கு மாவும் சீனியும் சுமப்பவர். பகலில் தோட்டத்தில் வேலை, யாத்திரைக் காலத்தில் இரவுகளில் இந்தச் சுமை. எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பினார்.

"ஐயாமாரு யாழ்ப்பாணமா?"

ஆமென்றோம். எங்களில் ஒருவன், உற்சாகத்தில், "நீங்கள் எத்தனை தரம் மணி அடிச்சிருக்கிறியள்?" என்று கேட்டான்.

"மணி அடிக்க எங்க நேரம் ஐயா. மூட்டைய எறக்குனா கீழ ஓடியாரணும். எத்தன வாட்டின்னு எண்ணுனதில்ல."

பிறகு அவர் கேட்டார்: "எம்புள்ள ஒண்ணு யாழ்ப்பாணத்துலதான் ஒரு வாத்தியாரு வீட்டுல நிக்கிது. பதினோரு வயசு. ஊரு பேரு சொன்னாங்க, மறந்துபோச்சு. ஐயாமாரு எங்கயாச்சும் கண்டீங்களா?"

ஏழு பேரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஏழு வீடுகளில் நாலு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை நின்றது. என் வீடும் அதில் ஒன்று. என் தகப்பனாரும் வாத்தியார்தான். அவருடைய பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளையல்ல. பெயர் கேட்டு அதை உறுதிப்படுத்திக்கொண்டேன். உறுதியானதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அந்த நிம்மதிக்காக இத்தனை வருடங்கள் கழிந்தும் நாணுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கும் அந்த மலைக்குமான உறவு பழையது. 1344இல் இபின் பதூதா பாதமலைக்குப் போக விரும்பியபோது அவரை அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. பல்லக்குக் கொடுத்தார், யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் தம் பரிவாரத்திற் பத்துப் பேரையும் உடன் அனுப்பினார், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். அந்தப் பயணி இவ்வளவையும் கணக்காக எழுதிவைத்திருக்கிறார். சிவன் பாதமா, புத்தர் பாதமா, பாவா ஆதமின் பாதமா என்று நாம் இன்றும் வாதாடுகிறோம். சுமந்த பதினைந்து பேரின் பாதங்களைப் பற்றி எவரும் வாதாடியதில்லை.

இதைவிடப் பெரிய மலையேற்றம் ஒன்று உண்டு. 1820களிலிருந்து தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்காக நடந்த நடை அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கும் அது வாழ்க்கையில் முதல் மலை. அவர்களுக்கும் அந்தக் குளிர் புதிது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி அதே வழியைப் பின்பற்றி நடந்தது. வடக்கிலிருந்தும் சிலர் கூடவே நடந்தார்கள். செய்தியைப் படித்தபோது கால் வலுவிழந்த இந்த வயதைச் சபித்தேன்.

அந்த மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமை போயிற்று. அந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பது எங்கள் அரசியலின் கௌரவமான பக்கம். அதை மேடைகளில் மறக்காமற் சொல்வோம். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று மூட்டை பிரிப்பது போலப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். பிரச்சினை சட்டப்படி முடிய 2003 ஆகவேண்டியிருந்தது.

மேடையில் அப்படி. வீட்டில்? 'தோட்டக்காட்டான்' என்ற சொல் யாழ்ப்பாணத்து வீடுகளில் வசையாகவே புழங்கியது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்த பிறகு, பின்தங்கிய மாவட்டங்களின் பல்கலைக்கழக இடங்களைப் பெறுவதற்காக எங்கள் பிள்ளைகள் மலையகப் பாடசாலைகளிற் போய்ப் பரீட்சை எழுதியதை எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்? 1977 கலவரத்தின் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தஞ்சம் வந்தவர்களைக் 'காந்தீயம்' போன்ற அமைப்பினர் குடியேற்றியதை மறுக்கவில்லை. அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு வன்னியில் காணி உறுதி கிடைத்ததா, வயல் யார் பெயரில் இருக்கிறது, கூலி வேலை யார் செய்கிறார் என்று கேட்டால் பலருக்குக் கோபம் வரும். பத்திரிகையில் இருந்த காலத்தில் இதை எழுதி வந்த கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பெறாமகன் மேற் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் மலைக்குப் போனதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. அது திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். இடையில் 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அவனுடைய தகப்பன், என் தம்பி, இருபது வயதில் மலையைப் படத்தில் மட்டுமே பார்த்தவன். பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைக் கடந்து, உயிரோடு போய்வருவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் மலையேற்றம் யார் போனார்? ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டது இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஏறட்டும்.

என் ஆட்சேபம் வானைப் பற்றியது. மாலையில் யாழ்ப்பாணத்திற் புறப்பட்டு, விடியப்புறம் மலையேறி, அடுத்த இரவே வீட்டில். தேயிலைத் தோட்டங்களை இருட்டிலோ நித்திரையிலோ கடந்துவிடுகிறார்கள். நாற்பது படங்களில் ஒன்றில் மட்டும் லயன் வரிசையொன்று தூரத்தில், பச்சையின் நடுவே அழகுக்காக, வந்திருந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட லயன் காம்பிராக்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வர 2021 வரை பல வருடங்கள் போராடினார்கள். மண்சரிவில் லயன்கள் புதைவதும் தொடர்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை மறந்திருக்கமாட்டோம். அவன் வகுப்பிலேயே மலையகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அங்கிருந்து வருகிறவர்கள் கணிசமானோர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது அவர்களில் உண்டா என்று கேட்டேன். "அவை வரேல்லைப் பெரியப்பா, அவைக்கு அது புதினமில்லைத்தானே" என்றான். கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம்.

அடுத்த முறை பஸ்ஸிற் போ, பகலிற் போ, உன் வகுப்பு மலையகத் தோழனைக் கூட்டிக்கொண்டு போய், மலையேறும் முன் ஒருநாள் அவன் வீட்டில் நில் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இளைஞர்கள் யோசிக்க நேரம் எடுப்பார்கள்.

அந்த பஸ் நித்திரையைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். மஸ்கெலியாவின் பழைய பட்டினம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1969இல் அணை கட்டி நீர் தேக்கியபோது கடைவீதியும் வழிபாட்டிடங்களும் மூழ்கின. வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். இவையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. நான் வீடு திரும்பியதும், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளை தும்புத்தடியைச் சாய்த்துவைத்துவிட்டு ஓடி வந்தது. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் நின்ற பிள்ளை. அதன் ஊர் மஸ்கெலியா என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"அண்ணே, கொளத்துல தண்ணி வத்தியிருந்திச்சா? கோயிலு தெரிஞ்சிச்சா?"

பார்க்கவில்லை என்றேன்.