கூரை கம்பனியுடையது, ஆபத்து தொழிலாளியுடையதா?

பதுளை மாவட்டத் தோட்டங்களில் கூரைத் தகடு வழங்கும் வைபவங்களுக்குக் குறைவில்லை. மாலை உண்டு, பேச்சு உண்டு, புகைப்படம் உண்டு. தகடுகளை லயத்து வாசலில் இறக்கிவிட்டு லொறி திரும்பிவிடும். பழைய கூரையைப் பிரிப்பவர் யார்? காம்பராவில் குடியிருக்கும் தொழிலாளியே! ஏணி இரவல், காலில் ரப்பர்ச் செருப்பு, பிடித்துக்கொள்ளக் கயிறுமில்லை. இதற்குப் பெயர் நிவாரணமாம். கைகழுவல் என்றே நாம் இதனைக் கூறுவோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஊவா மலைகளைச் சிதைத்துச் சென்ற பின்னர் கூரை வேலை பெருகியிருக்கின்றது. மண்சரிவு அபாயமுள்ள லயத்துக்குத் தகடு கொடுப்பதே தவறு. அங்கே வேண்டுவது வேறிடத்தில் வீடு. 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையை மண் மூடியதை மறந்தவர்களுக்கு இதனை நினைவூட்டுகின்றோம்.

பழைய கூரைகளுள் பல கல்நார் கலந்த அஸ்பெஸ்டஸ் தகடுகள். பாசி படர்ந்த அத்தகடு ஓர் ஆளின் பாரத்தைத் தாங்குமென்று நம்பவே கூடாது. ஆணி வரிசையின்மேல் நடந்தால் போதுமென்பார்கள். ஈரத்தில் ஓர் அடி வழுக்கினால் நடந்தவர் தகட்டோடு கீழே கிடப்பார். உடையும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூளோ கண்ணுக்குத் தெரியாத எதிரி. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நுரையீரலிற் புகுந்த தூள் நோயாக வெளிப்பட முப்பது, நாற்பது ஆண்டுகளும் ஆகலாம். அன்று யார்மீது வழக்குத் தொடுப்பது?

இலங்கை 1987-இல் நீலக் கல்நாரைத் தடை செய்தது. வெள்ளைக் கல்நார் இறக்குமதியையும் 2018 ஜனவரி முதல் நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று கூறி, இலங்கைத் தேயிலையை வாங்குவதை ரஷ்யா இடைநிறுத்தியது. வெள்ளைக் கல்நாரை நமக்கு விற்பதும் அதே ரஷ்யாவே! சில நாட்களில் கொழும்பு கல்நார்த் தடையைத் தளர்த்தியது. தேயிலைக்கும் வழி திறந்தது. கொழுந்து பறித்தவரின் தேயிலையைக் காப்பாற்ற, அவர் தலைக்கு மேலுள்ள நஞ்சு விலையாகக் கொடுக்கப்பட்டது.

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. தகட்டில் கால் வைக்காது, குறுக்கு மரங்களுக்கு மேலாக நீண்ட பலகையிட்டு நிற்க வேண்டும். கீழே வலை கட்ட வேண்டும். தகட்டை நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்ற வேண்டும். மின்வாளால் அறுக்கலாகாது. மூக்கில் கட்டிய கைக்குட்டை தூளைத் தடுக்காது. அதற்கென அமைந்த முகமூடி வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கச் சொல்வது மனைவியின் நுரையீரலையும் பணயம் வைப்பதாகும். கழற்றிய துண்டுகளைக் குசினிச் சுவருக்கு மறைப்பாக வைப்பதும், ஓடையில் எறிவதும் கூடா. கச்சான் காற்று வீசும் நாளில் ஒருவரும் கூரையேறக் கூடாது. வெறுந் தகரமும் அக்காற்றில் கத்தியாகும்.

இவற்றுக்கு ஆகும் செலவைத் தொழிலாளி ஏற்பதா? தோட்டங்களின் நிருவாகம் 1992-இல் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியிருப்பவருக்கு உறுதிப்பத்திரம் கேட்டால் லயம் தோட்டத்தின் சொத்தென்பார்கள். கூரை ஒழுகினால் மட்டும் அது உன் வீடு என்பார்களா? 1934-ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கே பணம் தருகின்றது. ஞாயிற்றுக்கிழமை தன் காம்பராக் கூரையிலிருந்து விழுந்தவர் வேலையில் இருந்தாரா என்ற வாதத்துக்கு இடம் வைத்தே தகடுகள் கையளிக்கப்படுகின்றன.

பதுளை நகரத்து ஆசிரியரும் எழுதுவினைஞரும், வெலிமடையில் கிழங்கு பயிரிடும் உழவரும் இது தோட்டத்துச் சங்கதியென்று ஒதுங்க வேண்டாம். உங்களிற் பலர் உறங்குவதும் அதே தகட்டின் கீழேதான்.

தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த வைபவத்தில் மாலை ஏற்குமுன் நிருவாகத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். கூரையைப் பிரிக்கப் போகும் பயிற்சி பெற்ற ஆட்கள் யார்? பலகையும் வலையும் எங்கே? பழைய தகடு எங்கே புதைக்கப்படும்? விடையை எழுத்தில் பெறாமல் ஒப்பமிடாதீர்கள்.