ஜன்னலை மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆளைப் பாருங்கள்!

தர்மபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் பழைய வீடுகள் பலவற்றில் இன்னமும் மர ஜன்னல்கள்தான். வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, கடைசியில் கரையானுக்கு இரையாகும்போது, ‘எல்லாத்தையும் யு.பி.வி.சி.யா மாத்திடலாமே’ என்று வீட்டில் பேச்சு எழும். எட்டு ஜன்னல் என்றாலே செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். சீட்டு எடுத்தோ, நகையை அடகு வைத்தோ புரட்டும் பணம் அது. கொடுக்கும் ஆள் சரியில்லை என்றால் பணமும் போகும், உடைத்த சுவரும் அப்படியே நிற்கும்.

‘இதை மாற்ற வேண்டாம்’ என்கிறாரா?

நேர்மையானவரைக் கண்டுபிடிக்க முதல் வழி இது. சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் பொதபொதவென்று உள்ளே போனால் மாற்றித்தான் ஆக வேண்டும். கெட்டியாக இருந்தால், கதவை மட்டும் ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். ஒவ்வொரு ஜன்னலையும் தொட்டுப் பார்த்து, ‘இந்த மூன்றும் நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்’ என்று சொல்பவரை நம்பலாம். வாசலில் நின்றபடியே மொத்தத்துக்கும் விலை சொல்பவரிடம் கவனம் தேவை.

சதுர அடிக் கணக்கு

மூன்று பேரிடமாவது எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். கண்ணாடி, கொசுவலை, கிரில், பழைய சட்டத்தைப் பெயர்ப்பது, கொத்தனார் பூச்சு வேலை, வண்டி வாடகை, 18 சதவிகித ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள்.

அளவை எப்படி முழுமையாக்குகிறார்கள் என்பதும் முக்கியம். நீளம், உயரம் இரண்டும் 4 அடி 1 அங்குலம் என்றால் பரப்பு 16.67 சதுர அடி. அதையே நாலரை அடி என்று ஏற்றிப் போட்டால் 20.25 சதுர அடி ஆகிவிடும். சதுர அடி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு ஜன்னலுக்கு ஏறக்குறைய 17,000 ரூபாய் கூடுதல்!

காந்தம் சொல்லும் உண்மை

யு.பி.வி.சி. சட்டம் வளையாமல் இருக்க, உள்ளே இரும்புத் தகடு வைப்பார்கள். வெளியில் பார்த்தால் தெரியாது என்பதால் சிலர் அதைக் குறைத்துவிடுவார்கள். பொருள் வந்து இறங்கியதும் சாதாரண காந்தத்தைச் சட்டத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். இரும்பு இருந்தால் ஈர்ப்பு தெரியும். எந்தெந்தச் சட்டத்தில், எத்தனை மில்லிமீட்டர் தகடு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ‘டஃபன்டு’ கண்ணாடி என்றால் அதன் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

வாரன்டி யாருடையது?

‘பத்து வருஷ வாரன்டி’ என்பார்கள். பெரும்பாலும் அது யு.பி.வி.சி. குழல்களைத் தயாரிக்கும் கம்பெனி தருவது. அவற்றை வாங்கி, அறுத்து, ஒட்டி, உங்கள் சுவரில் பொருத்துவது உள்ளூர்ப் பட்டறை. தண்ணீர் ஒழுகுவதும், கதவு சிக்குவதும் பெரும்பாலும் பொருத்தும் வேலையில் வரும் கோளாறு. அதற்குப் பட்டறைக்காரர் எத்தனை ஆண்டு பொறுப்பு என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள். அவர் இரண்டு, மூன்று வருடம் முன்பு வேலை செய்த வீடு ஒன்றை நேரில் போய்ப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

பில் இல்லாவிட்டால்?

‘பில் வேண்டாம்னா 18 பர்சன்ட் மிச்சம்’ என்ற பேச்சில் மயங்காதீர்கள். நாளை வழக்கு என்று வந்தால் அந்தப் பில்தான் சாட்சி. ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம். தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வந்துவிடும். சிறு பட்டறைகளுக்கு எண் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் எண் இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. இந்தச் சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. கம்பெனி ஓசூரிலோ பெங்களூரிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரச்னை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதல் கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்

டஃபன்டு கண்ணாடியைத் தயாரித்த பிறகு அறுக்க முடியாது. உங்கள் வீட்டு அளவுக்குச் செய்ததை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், அட்வான்ஸ் கேட்பது நியாயமே. முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்பதுதான் நியாயமில்லை. ஆர்டருக்கு ஒரு பங்கு, பொருள் இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தியதும் ஒரு பங்கு என்று வங்கி வழியாகவே கொடுங்கள்.

கடைசியில் பத்து சதவிகிதத்தை நிறுத்தி வைத்து, ஹோஸ் பைப்பில் வெளிப்புறம் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழ்ச்சட்டத்தில் உள்ள துளைகள் வழியே தண்ணீர் வெளியே வடிய வேண்டும், உள்சுவர் நனையக் கூடாது. இந்தச் சோதனையை ஆர்டர் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்.