மறைத்தால் மாயுமா காசநோய்?

பெண் பார்க்க வருகிறவர்கள் மஹர் பேச்செல்லாம் முடிந்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "வீட்டில் யாருக்கும் நெஞ்சு நோய் இல்லையே?" இந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே, இரண்டு மாதமாக இருமும் மகளுக்குப் "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கிக் கொடுக்கும் தகப்பன்மார்கள் நம் வட ஆற்காட்டு மொஹல்லாக்களில் இருக்கிறார்கள். சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதாம்! அதே அறையில் படுக்கும் தம்பி தங்கைகளின் கதி?

காசநோய் பரம்பரைச் சாபமல்ல, கண்ணேறும் அல்ல. 1882-ல் ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்த ஒரு கிருமியின் வேலை. இருமும்போது காற்றில் கலந்து, காற்றோட்டமில்லாத அறையில் அடுத்தவர் நுரையீரலுக்குள் போகிறது. தட்டும் தம்ளரும் அதைப் பரப்புவதில்லை. ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை. மாத்திரைக்கும் இல்லை.

நோயாளியை வீட்டைவிட்டு ஒதுக்க வேண்டுமா? உலகத்துக்கே இதற்குப் பதில் சொன்னது நம் சென்னை. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. நம் ஊர்ச் சம்பந்திகளுக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி எட்டவில்லை!

ஆனால் மருந்து ஒழுங்காக உள்ளே போக வேண்டும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், நாள் தவறாமல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைக் கண்டு ரத்தமென்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான். இரண்டாம் மாதம் இருமல் நின்று பசி எடுத்ததும், குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வந்தால், வைத்தியம் இன்னும் கடினம்.

இன்னொரு காரணம், வேலை. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் நோயின் பெயர் தெரிந்தால் நின்றுகொள்ளச் சொல்லிவிடுவார்களோ என்று தொழிலாளி மறைக்கிறார். அவருக்கு ஒன்று தெரியவேண்டும். ஈ.எஸ்.ஐ. விதிப்படி காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாண்டுத் தொடர் வேலையும் உரிய சந்தாவும் இருந்தால், 91 நாள் சாதாரண நோய்க்கால உதவித்தொகை முடிந்த பிறகும், கூலியில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை கிடைக்கும். சந்தா கட்டினால்தானே கிடைக்கும்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எங்கும் முதலாளிகளில் பலர் நம்மவர்கள்; பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர்கள். காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி ஒருவர் பெயரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்காமல் விடுவது அவருடைய ஹக்கைப் பறிப்பதாகும்.

வீட்டில் பீடி சுருட்டும் நம் தாய்மார்களுக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் எங்கே? அரசு தரும் சத்துணவுத் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக உயர்ந்தது. அது போதாது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்கும் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. அரிசி, பருப்பு போன்ற சாதாரண உணவுதான்! ஜமாஅத் பைத்துல்மாலுக்கு இது பெரிய செலவா? மண்டி வியாபாரிகள் ஆளுக்கொரு குடும்பத்தை ஆறு மாதம் ஏற்கட்டும், பெயர் வெளியில் தெரியாமல்.

ரமழானைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமான பிறகு களாச் செய்யலாம். நோன்பு வைக்க டாக்டர் அனுமதித்தால் மாத்திரையை சஹரில் விழுங்கலாம். முப்பது நாள் மாத்திரையை விடுவது மட்டும் கூடாது. இமாம்கள் இதை ஷஃபானின் கடைசி ஜும்ஆவிலேயே சொல்லிவிட வேண்டும்.