குறித்த வேளையில் தண்ணீர்

வீட்டில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று கோடை தொடங்கும்போதெல்லாம் அரசாங்கமும் பத்திரிகைகளும் நமக்கு எடுத்துச் சொல்கின்றன. அந்த உபதேசம் அவசியமானதே. ஆனால் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, செம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய தென் புறநகர்களில் குடியிருக்கும் மக்களிடம் அதைச் சொல்வதற்கு முன்னால், குழாயில் தண்ணீர் எந்த நாளில், எந்த வேளையில், எவ்வளவு நேரம் வரும் என்பதைச் சொல்லிவிட்டு, சொன்ன வேளையில் அதைத் திறந்துவிட வேண்டிய கடமை ஸ்தல ஸ்தாபனத்துக்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் விரயமாவதற்கு மனிதருடைய அலட்சியமும் ஒரு காரணந்தான். அதைவிடப் பெரிய காரணம் விநியோகத்தில் உள்ள ஒழுங்கின்மை.

சேலையூரிலோ அனகாபுத்தூரிலோ தண்ணீர் வருகிற நாளில் ஒரு தெருவைக் கவனித்தால் இது பிரத்தியட்சமாகத் தெரியும். வால்வு திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வீட்டுக்கு வீடு பரவியதும் முதலில் நடக்கும் காரியம், முன்பு பிடித்துவைத்த குடங்களையும் அண்டாக்களையும் வாசலில் கவிழ்ப்பதுதான். அடுத்த முறை என்றைக்கு வருமோ என்ற அச்சத்தால் தேவைக்கு அதிகமாகச் சேர்த்துவைத்த அதே குடும்பம், புதுத் தண்ணீர் வந்துவிட்டபடியால் மிச்சத்தைப் பழைய தண்ணீர் என்று கொட்டுகிறது. எந்நேரமும் வரலாம் என்று சம்ப்பின் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு உறங்கப் போன வீட்டில், நள்ளிரவில் தண்ணீர் வந்து, சம்ப் நிரம்பி, மூடியின் ஓரமாகக் கசிந்து தெருச் சாக்கடையில் கலக்கிறது. அந்த வீட்டுப் பெண்மணியை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளும் நேரமும் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அவர் விழித்திருந்து குழாயை மூடியிருப்பார்.

இந்த நிச்சயமின்மை விரயத்தோடு நிற்பதுமில்லை. தண்ணீர் சிறிது நேரமே வரும் என்று அறிந்தவர்கள், தெருக்குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறார்கள். அது சட்ட விரோதமான செயல். கடைசி வீட்டுக்குச் சொட்டுக்கூடப் போய்ச்சேராமல் செய்யும் செயல். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் மோட்டார் இழுக்கும்போது, அருகே ஓடும் கழிவுநீர், குழாயின் இணைப்பில் உள்ள சிறு விரிசல் வழியாகவே உள்ளே புகுந்துவிடுகிறது. பாதாளச் சாக்கடை இன்னும் முழுமையாக வந்துசேராத பகுதிகளில் இந்த அபாயம் இரட்டிப்பாகிறது. 2024 டிசம்பரில் பல்லாவரத்தை அடுத்த மலைமேட்டில் பலர் வாந்தியும் பேதியும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, உயிர்ச்சேதமும் நேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டதோ என்ற ஐயமே மக்களிடம் முதலில் எழுந்தது. காரணம் பற்றி அதிகாரிகள் வேறு கருத்துச் சொன்னபோதிலும், அந்த ஐயம் அவ்வளவு விரைவில் எழுந்ததே குழாய் மீது மக்களுக்கு நம்பிக்கை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. நம்பிக்கை போன இடத்தில்தான் கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இப்படிக் கொட்டப்படும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. தாம்பரத்துக்குப் பல்லாண்டுகளாகக் குடிநீர் தருவது பாலாறு. ஆண்டில் சில நாட்களே வெள்ளம் காணும் அந்த நதி, தன் மணலுக்கடியில் சேர்த்துவைத்திருக்கும் நீரைக் கிணறுகள் மூலம் எடுத்துக் குழாய்களில் அனுப்புகிறார்கள். அதன் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு செய்த கேடு, 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு முற்றியிருந்தது. இன்னொரு பக்கம் சென்னையின் தென்பகுதிக்காக நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் திறந்த இரண்டாவது நிலையத்தில் 15 கோடி லிட்டரும் கடல் நீரைக் குடிநீராக்க வசதி செய்திருக்கிறார்கள். அப்படி மாற்றுவதற்கு ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. இவ்வளவு பிரயாசையோடு கொண்டுவந்த தண்ணீரை, வேளை தெரியாத ஒரே காரணத்தால் வாசலில் கவிழ்க்க நேர்வது பெரிய அநியாயம்.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3ஆம் தேதி உதயமாயிற்று. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் ஒன்றாயின. தனித்தனியே நிர்வாகம் நடத்திவந்த பத்து ஊர்களின் குழாய்களையும் தொட்டிகளையும் ஒரே முறைக்குள் கொண்டுவருவது சுலபமான காரியமல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 70 வார்டுகளுக்கும் ஒரு நேர அட்டவணையைத் தயாரித்து, பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டுவதற்குப் பெரிய திட்டமோ கோடிக்கணக்கான பணமோ தேவையில்லை. பாதாளச் சாக்கடை உள்ள நகரில் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், அது இல்லாத ஊரில் 70 லிட்டரும் வழங்க வேண்டும் என்று மத்திய அரசின் நியதி சொல்கிறது. நம் வார்டில் எவ்வளவு வழங்கப்படுகிறது என்பதையும் அந்த அட்டவணையின் அடியிலேயே எழுதட்டும். வீடுகளுக்கு மீட்டர் வைப்பது அதற்கு அடுத்த படி. வராத தண்ணீரை அளப்பதற்கு மீட்டர் எதற்கு என்று மக்கள் கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாம் கைகட்டி நிற்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாநகராட்சியை எதிர்பாராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதற்குப் பின் நான்கு ஆண்டுகள்கூட நிறையாத 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவர நேர்ந்தது. சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழும் அந்த மழையில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரித் தண்ணீருக்கு அது சமம். 2003இல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. ஆனால் அவை இறங்கும் குழியில் கூழாங்கல்லின் மேல் சேறு படிந்து இறுகி, நீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு வழிந்தோடுகிறது. குழியைத் தோண்டிக் கல்லையும் மணலையும் அலசித் திரும்ப நிரப்புவது இரண்டு ஆட்களின் ஒரு நாள் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னால் அதைச் செய்துவிட்டால், போர்வெல்லில் ஏறிவரும் உப்பும் நாளடைவில் குறையும்.

மழையை வாங்கிவைக்க வீட்டுக்கு வெளியே ஏரிகளும் உண்டு. செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் ஏரிகளை வெறும் நடைபாதைப் பூங்காக்களாகக் கருதாமல், சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊற்றுக்கண் என்று கருதிப் பரிபாலிக்க வேண்டும். 2019 வறட்சியில் சிட்லபாக்கவாசிகள் தாமே ஏரிக்குள் இறங்கிக் குப்பை அகற்றினார்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியம் என்ற சபையைக் குறிப்பிடுகிறது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரார் அதன் அங்கத்தினர்களாக இருந்து ஏரியைக் கவனித்தார்கள். ஊராரே ஏரியைப் பேணுவது இப்பகுதிக்குப் புதிய எண்ணமல்ல.

ஊரார் கூடிக் கணக்குக் கேட்பதற்கான சபை, பகுதி சபை என்ற பெயரில், இப்போதும் சட்டப்படி இருக்கிறது. 2022 நவம்பர் 1ஆம் தேதி, முதலமைச்சரே கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் இதே மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்தான் நடந்தது. அடுத்த பகுதி சபை கூடும்போது வார்டின் நேர அட்டவணையை அதிகாரிகள் அங்கே வாசிக்கட்டும். வாசித்த வேளையில் தண்ணீர் வந்ததா என்று அதற்கடுத்த கூட்டத்தில் மக்கள் கணக்குக் கேட்கட்டும். எத்தனை வீட்டு மழைநீர்க் குழிகள் சுத்தமாயின என்று அதே கூட்டத்தில் மாநகராட்சி நம்மைக் கேட்கட்டும்.